டயாலிசிஸ் பண்ற அப்பாவுக்கு ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருது, இது ஹார்ட் பிரச்சனையா தூக்கப் பிரச்சனையா?

திண்டுக்கல்_பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 58, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, போன வருஷத்துல இருந்து டயாலிசிஸ். வாரத்துக்கு ரெண்டு தடவ, திங்களும் வியாழனும், நாலு மணி நேரம். பிபிக்கு மூணு மாத்திரை போட்டும் 160க்கு கீழ எறங்க மாட்டேங்குது. எக்கோ எடுத்ததுல இதயத்தோட சுவர் தடிச்சிருக்கு, பம்பிங் 50 சதவீதம்னு எழுதியிருந்தாங்க.

இப்ப என்ன பிரச்சனைன்னா ராத்திரி குறட்டை விட்டுட்டே இருப்பாரு, திடீர்னு சத்தமே இருக்காது, அம்மா எந்திரிச்சு பாத்தா நெஞ்சு மட்டும் ஏறி எறங்குது மூச்சு உள்ள போகல, கொஞ்ச நேரம் கழிச்சு தண்ணிக்குள்ள இருந்து மேல வந்த மாதிரி ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடி குறட்டை. கொரோனா டைம்ல வாங்கின ஆக்சிமீட்டர் வீட்ல கெடந்துச்சு, தம்பி அத விரல்ல மாட்டி பாத்தான், அந்த நேரத்துல 84 காட்டுது, முழிச்சிருக்கும்போது 96. ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் ரொம்ப மோசம், படுக்கவே முடியாம சேர்ல உக்காந்தே தூங்குவாரு. இதுல கால் குடையுதுன்னு வேற பாதி ராத்திரி எந்திரிச்சு நடப்பாரு. பகல்ல பேப்பர் படிச்சிட்டிருக்கும்போதே தலை தொங்கிடும்.

டயாலிசிஸ் சென்டர்ல சொன்னா கிட்னி பேஷண்டுக்கு தூக்கம் வராதுமா எல்லாருக்கும் அப்படித்தான்றாங்க. ஹார்ட் டாக்டர் கிட்னி டாக்டர பாருங்கன்றாரு. குறட்டை குண்டா இருக்கறவங்களுக்குத்தான் வரும்னு சொல்றாங்க, ஆனா அப்பா நல்லா ஒல்லி, போன தீபாவளிக்கு அப்புறம் பெல்ட்ல புதுசா ரெண்டு ஓட்டை போட்டோம். ஆனா வெயிட் மட்டும் அப்படியேதான் இருக்கு, 56 கிலோ. யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா, யார போய் பாக்கறது?

---

கொங்குநாட்டு_குசும்பன்:

எங்க மாமாவுக்கும் இப்படித்தான் தூக்கமே வராம இருந்தாரு, மெடிக்கல்ல சொல்லி அல்பிரசோலம் பாதி மாத்திரை போட்டோம், நல்லா தூங்குறாரு. பயப்படாதீங்க.

---

மெஷின்_பக்கத்துல:

குசும்பன் அண்ணே, தயவுசெஞ்சு அந்த கமெண்ட்ட எடுத்துருங்க. மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கு அந்த மாத்திரைய குடுத்தா தொண்டை இன்னும் தளர்ந்து போகும், மூச்சு நின்னா முழிச்சுக்கணும்னு மூளை அடிக்கிற பெல்லும் மெதுவாத்தான் அடிக்கும். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு இன்னும் மோசம்.

தங்கச்சி, நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், டாக்டர் இல்ல, ஆனா நீங்க எழுதினதுல ஒரு விஷயம் சுருக்குன்னு பட்டுச்சு. பெல்ட்டுக்கு ரெண்டு ஓட்டை புதுசா போட்டிருக்கீங்க, வெயிட் மட்டும் 56லயே நிக்குது. அப்ப கொறஞ்ச சதை எங்க போச்சு, அந்த எடத்துல வந்து உக்காந்தது என்ன? தண்ணிதான் தங்கச்சி. நாங்க ட்ரை வெயிட்னு ஒண்ணு வச்சிருப்போம்ல, ஒடம்புல கூடுதல் தண்ணி இல்லாம இருக்கற எடை, அத ஆரம்பத்துல ஒரு தடவ போட்டு ஃபைல்ல எழுதிருவாங்க. பேஷண்டுக்கு பசி இருக்காது, சாப்பாடு எறங்காது, சதை கரையும், ஆனா ஃபைல்ல அதே நம்பர்தான் கெடக்கும். சதை ரெண்டு கிலோ கொறஞ்சு தண்ணி ரெண்டு கிலோ ஏறுனா தராசுக்கு வித்தியாசம் தெரியாது. பிபி மூணு மாத்திரைக்கும் எறங்காம நிக்கறதும் அதே கதையா இருக்கலாம்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி மோசம்னு சொன்னீங்களே, அதுவும் அதுதான். வியாழன் முடிஞ்சா அடுத்தது திங்கள், அதுதான் உங்கப்பாவுக்கு நீளமான கேப். எங்க யூனிட்லயே திங்கக்கிழமை காலைல வர்றவங்க முகத்த பாத்தாலே தெரியும், கண்ணுக்கு கீழ பை மாதிரி, சாக்ஸ் கழட்டுனா கணுக்கால்ல வரி வரியா பதிஞ்சிருக்கும், பெட்ட சாய்க்காதீங்க சார் மூச்சு முட்டுதும்பாங்க. ரெண்டு மணி நேரம் தண்ணி எடுத்ததும் அதே ஆளு மல்லாந்து படுத்து தூங்குவாரு.

திங்கக்கிழமை எத்தன கிலோ கூட வர்றாரு, எவ்வளவு எடுக்கறாங்க? அத சொல்லுங்க.

---

திண்டுக்கல்_பொண்ணு:

அண்ணா நன்றி, இந்த பெல்ட் விஷயத்த நாங்க யோசிக்கவே இல்ல. திங்கக்கிழமை நாலு கிலோ கூட இருக்கும், சில சமயம் அதுக்கும் மேல. மூணு எடுப்பாங்க, அதுக்கு மேல எடுத்தா பிபி எறங்கி கால் நரம்பு இழுத்துக்கும், அதனால நிறுத்திடுவாங்க.

---

மெஷின்_பக்கத்துல:

கணக்கு பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு, ஒடம்பு எடைல ஒரு கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல தண்ணி இழுத்தா இதயத்துக்கு ஆகாதுன்னு நாங்க வச்சுக்கற ஒரு எல்லை. 56 கிலோவுக்கு மணிக்கு 728 மில்லி, நாலு மணி நேரத்துக்கு 2.9 லிட்டர் கிட்ட வரும். அவங்க மூணோட நிறுத்தறது சரிதான், ஆனா மீதி ஒரு லிட்டர் உள்ளயே தங்கிடுது, வியாழனுக்கும் கொஞ்சம் மிச்சம். அப்ப வழி ரெண்டே ரெண்டு. ஒண்ணு, நேரத்த கூட்டணும் இல்லன்னா வாரத்துக்கு மூணாவது செஷன் கேக்கணும், முதலமைச்சர் காப்பீட்டுல போறீங்கன்னா கூடுதல் செஷனுக்கு என்ன வழின்னு சென்டர்ல இருக்கற காப்பீட்டு டெஸ்க்ல கேளுங்க. இன்னொண்ணு, உப்பு.

தண்ணி குடிக்காதீங்கன்னு மெரட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல, உப்பு உள்ள போனா தாகம் எடுக்கத்தான் செய்யும், யாராலயும் அடக்க முடியாது. ஊறுகா, அப்பளம், கருவாடு, ஓட்டல் சாம்பார், மோர் மொளகா இதெல்லாம் நிறுத்திட்டு ஒரு வாரம் பாருங்க, திங்கக்கிழமை தராசுல தெரியும். சுகர் ஏறி கெடந்தாலும் தாகம் எடுக்கும். ஆனா ஒண்ணு, கடைல லோ சோடியம் உப்புன்னு விக்கறாங்கல்ல, ஒடம்புக்கு நல்லதுன்னு அத வாங்கிடாதீங்க, அதுல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் போட்டிருப்பான், டயாலிசிஸ் ஆளுக்கு அது இதயத்த நிறுத்திடும். சும்மா சொல்லல.

---

நெஃப்ரோ_நைட்_டூட்டி:

நான் நெஃப்ராலஜி டாக்டர், அதாவது கிட்னி டாக்டர். பேஷண்ட பாக்காம மருந்து எதுவும் சொல்ல மாட்டேன், ஆனா டெக்னீஷியன் சொன்னது அத்தனையும் ஞாயமான பேச்சு.

ஒல்லியான ஆளுக்கு ஏன் குறட்டை, ஏன் மூச்சடைப்புன்னு கேட்டீங்க. சாதாரணமா கழுத்துல கொழுப்பு சேர்ந்துதான் தொண்டை குறுகும். கிட்னி போனவங்களுக்கு கொழுப்பு வேணும்னே இல்ல. பகல் முழுக்க நிக்கறப்ப உக்காரறப்ப தண்ணி கால்ல எறங்கி கெடக்கும், ராத்திரி படுத்ததும் அது மெல்ல மேல ஏறி கழுத்துப் பக்கம் வரும், தொண்டைய சுத்தி இருக்கற தசை ஊறி வழி சின்னதாகும், கொஞ்சம் நுரையீரலுக்கும் போகும். டயாலிசிஸ் பண்றவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு இந்த ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி, இருக்கு, ஆனா பெரும்பாலும் யாரும் தேடறதே இல்ல, ஏன்னா பகல்ல அசந்து தூங்கறத எல்லாம் ரத்தத்துல சேர்ற யூரியா தலைல கட்டிருவோம்.

இது இதயத்துக்கு என்ன பண்ணுதுன்னா, ஒவ்வொரு தடவ மூச்சு நிக்கும்போதும் ஆக்சிஜன் எறங்குது, ஒடம்பு பயந்து அட்ரினலின கொட்டுது, பிபி எகிறுது. ராத்திரி முழுக்க இப்படியே. நல்ல ஒடம்புல தூங்கும்போது பிபி 10ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் எறங்கணும், கிட்னி பேஷண்ட்ஸ் நெறைய பேருக்கு அது எறங்காது, ஆப்னியாவும் சேர்ந்தா சில பேருக்கு பகல விட ராத்திரி அதிகமா இருக்கும். இதயச் சுவர் தடிக்கறதுக்கு பகல் பிபிய விட இந்த ராத்திரி பிபிதான் பெரிய காரணம்னு நான் நெனைக்கறேன். உங்கப்பாவுக்கு 24 மணி நேர பிபி மெஷின் ஒரு நாள் கட்டிப் பாக்க சொல்லுங்க, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ஆபரேஷன்ல ரத்தக்குழாய இணைச்சிருக்கற எடம்) இல்லாத கையில.

நீளமான கேப் பத்தி அமெரிக்காவுல 2011ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 32,000 பேருக்கு மேல. அங்க வாரத்துக்கு மூணு தடவ பண்றவங்க, அவங்களுக்கே ரெண்டு நாள் கேப் முடிஞ்ச அடுத்த நாள்தான் சாவும் இதய அட்மிஷனும் கூடுதலா இருந்துச்சு. நம்ம ஊர்ல ரெண்டு தடவ பண்றவங்களுக்கு கேப் அத விட நீளம்.

செய்ய வேண்டியது: அம்மாவ அந்த மூச்சு நிக்கறத போன்ல வீடியோ எடுக்க சொல்லுங்க, ரெண்டு மூணு நிமிஷம் போதும், நெஞ்சும் முகமும் தெரியணும். 84ன்ற நம்பரையும் எழுதிட்டு போங்க, அந்த குட்டி மீட்டர் பெரிய ஆதாரம் இல்ல, ஆனா டாக்டர் காதுல விழும். முதல்ல நெஃப்ரோ டாக்டர்கிட்ட ட்ரை வெயிட்ட திரும்ப பாக்க சொல்லி கேளுங்க, அப்புறம் நுரையீரல் டாக்டர்கிட்ட ஸ்லீப் ஸ்டடி, ராத்திரி தூங்கும்போது மூச்ச அளந்து பாக்கற டெஸ்ட். ஸ்டடிய வியாழன் டயாலிசிஸ் முடிஞ்ச ராத்திரி பண்ணா நல்லா வந்துரும், ஞாயித்துக்கிழமை பண்ணா மோசமா வரும், அதனால எந்த நாள் பண்ணதுன்னு ரிப்போர்ட்ல எழுத சொல்லுங்க. ஒரு மணி நேரத்துக்கு 5 தடவைக்கு மேல மூச்சு தடைபட்டா ஆப்னியா, 15க்கு மேல நடுத்தரம், 30க்கு மேல தீவிரம்.

படுக்கவே முடியாம சேர்ல தூங்கறார்னு சொன்னீங்களே, அது தூக்க வியாதி இல்ல, நுரையீரல்ல தண்ணி. அப்படி ஒரு ராத்திரி அதிகமாச்சுன்னா திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க.

---

ரொறன்ரோ_சிவா:

வணக்கம் தங்கச்சி. நான் கனடாவில, ரொறன்ரோவில இருக்கிறன். எனக்கும் இதே கதைதான், மனிசி என்ர குறட்டைக்குப் பயந்து மற்ற அறையில போய்ப் படுக்கிறவ. முதல் பகலில கிளினிக்கில நாலு மணித்தியாலம் செய்தனான், பிறகு வீட்டிலயே இரவில நித்திரை கொள்ளேக்க செய்யிற டயலிசிஸுக்கு மாத்தினாங்கள். இரவு பத்து மணிக்குக் கொழுவினால் விடியத்தான் கழட்டுறது, மெதுவா மெதுவா தண்ணியை எடுக்கும், கால் இழுக்கிறதும் இல்லை பிறஷர் விழுறதும் இல்லை. ஊசி குத்தின இடத்தில ஈரம் பட்டால் சத்தம் போடுற சின்னச் சாமான் ஒண்டு கையில ஒட்டி இருக்கும், முதல் மாசம் வேர்வைக்கெல்லாம் அது கத்தும், வீடு முழுக்க எழும்பும். இப்ப மனிசி திரும்ப இந்த அறைக்கு வந்திட்டா.

இஞ்ச ரொறன்ரோவிலதான் இதைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்தது. 2001 இல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில வந்தது. 14 பேரைத்தான் பாத்தவை, சின்ன ஆய்வு, ஆனால் மணித்தியாலத்துக்கு 25 தரம் மூச்சுத் தடைப்பட்டது இரவு டயலிசிஸுக்கு மாறின பிறகு 8 ஆக் குறைஞ்சுது. அவையள் ஒருத்தரையும் மெலியச் சொல்லேல்லை, ரத்தம் நல்லாச் சுத்தமாகி தண்ணியும் ஒழுங்கா இறங்கினதுதான். உங்கட அங்க வீட்டில இரவில மிசின் வைக்கிறது லேசில்லை எண்டு தெரியும், ஆனால் டொக்டரோட கதைக்கேக்க நேரத்தைக் கூட்டித் தாங்கோ எண்டு கேக்கிறதுக்கு இது ஒரு நல்ல நியாயம், அதுக்காகத்தான் எழுதினனான்.

---

கும்பகோணம்_மாமி:

என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் இல்ல, கிட்னி நாலாவது ஸ்டேஜ், ஸ்லீப் ஆப்னியா தீவிரம்னு வந்துடுத்து. சிபாப் மெஷின், அதான் தூங்கறச்சே மாஸ்க் வழியா காத்த அழுத்தி தொண்டைய தெறந்து வைக்கறது, வாங்கினோம், 30,000க்கு மேல ஆச்சு. முதல்ல வாடகைக்கு எடுத்துப் பாருங்கோ, மாஸ்க் எல்லார் மூஞ்சிக்கும் ஒத்துக்காது. இவருக்கு மூக்கு மாஸ்க் போட்டா வாய் வழியா காத்து போய் காலைல நாக்கு ஒட்டிக்கும், உடனே ரெண்டு டம்ளர் தண்ணி கேப்பார். தண்ணி அளந்து குடிக்கறவாளுக்கு இது பெரிய தொந்தரவு, அதனால ஈரப்பதம் குடுக்கற டப்பா வச்ச மெஷினா பாத்து வாங்குங்கோ, தாடைய தாங்கற பட்டி ஒண்ணும் கெடைக்கறது. மெஷின் போட்டப்புறம் அவர் பகல்ல தூங்கறதே இல்ல, பிபி மாத்திரை ஒண்ணு கொறஞ்சுது. ஹார்ட் அட்டாக்கே வராதுன்னு மெஷின் வித்த பையன் சொன்னான்.

---

நெஃப்ரோ_நைட்_டூட்டி:

மாமி, மத்த எல்லாம் சரி, அந்த கடைசி வரி மட்டும் விக்கறவர் பேச்சு. 2016ல சேவ்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 2,700 பேருக்கு மேல, இந்தியாவும் அதுல இருந்துச்சு. ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்தவங்களுக்கு சிபாப் குடுத்துப் பாத்தாங்க, ஹார்ட் அட்டாக்கும் பக்கவாதமும் கொறையல. குறட்டை, பகல் தூக்கம், மனசு இதெல்லாம் நல்லா தேறுச்சு. ஆனா அவங்க சராசரியா ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் மாஸ்க் போட்டிருந்தாங்க, நல்லா போட்டவங்களுக்கு என்ன ஆகும்னு இன்னும் வாக்குவாதம் ஓடுது. அதனால சிபாப்ப பகல்ல முழிச்சிருக்க, பிபிக்கு கொஞ்சம் உதவின்னு போடுங்க, இதயத்துக்கு இன்சூரன்ஸ்னு நெனச்சு தண்ணியையும் உப்பையும் விட்டுராதீங்க.

இன்னொண்ணு, எக்கோ ரிப்போர்ட்ட ஸ்லீப் டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டணும். மூச்சு நிக்கறதுல ரெண்டு வகை இருக்கு. தொண்டை அடைச்சு நிக்கறது ஒண்ணு, அதுல நெஞ்சு ஏறி எறங்கும், உங்கம்மா பாத்தது அந்த மாதிரி இருக்கு. இன்னொண்ணுல மூளையே மூச்சு விட சொல்லாது, நெஞ்சும் அசையாது, இதயம் பலவீனமானவங்களுக்கு அது வரும். அதுக்கு ஏஎஸ்வின்னு ஒரு மெஷின் உண்டு, பம்பிங் 45க்கு கீழ இருக்கறவங்களுக்கு அத போட்டதுல சாவு கூடுதலாச்சுன்னு 2015லயே தெரிஞ்சு போச்சு. உங்கப்பாவுக்கு 50, ஆனா அது எப்ப எடுத்த எக்கோன்னு பாருங்க. தண்ணி எறங்கினப்புறம் திரும்ப எடுக்கறது நல்லது.

---

திண்டுக்கல்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சென்டர்ல பேசிட்டு வந்தோம். அண்ணா சொன்ன மாதிரி பெல்ட்டையே கழட்டி காட்டினாரு அப்பா, டாக்டர் சிரிச்சிட்டாரு, அப்புறம் ஸ்கேன்ல நெஞ்ச பாத்துட்டு தண்ணி இருக்குன்னு சொல்லி ட்ரை வெயிட்ட ஒரே தடவையா கொறைக்காம அரை அரை கிலோவா எறக்கிட்டு வர்றாங்க, இப்ப 54.5. கொஞ்ச நாளைக்கு சனிக்கிழமையும் ஒரு செஷன் போட்டிருக்காங்க. பிபி 140கிட்ட வந்துருச்சு, ஒரு மாத்திரைய நிறுத்திட்டாங்க. குறட்டை இருக்கு, ஆனா மூச்சு நிக்கறது கொறஞ்சிருக்குன்னு அம்மா சொல்றாங்க. ஸ்லீப் ஸ்டடிக்கு தேதி வாங்கியாச்சு.

கால் குடைச்சல் மட்டும் அப்படியே இருக்கு. ராத்திரி பத்து மணி ஆனா போதும், கட்டில் ஓரத்துல உக்காந்து கெண்டைக்கால அமுக்கிட்டே இருப்பாரு, அம்மா எண்ணெய் தேச்சு விடுவாங்க, தேய்க்கிற வரைக்கும் நல்லா இருக்கும், கைய எடுத்தா திரும்ப ஆரம்பிச்சிடும். வலியானு கேட்டா வலி இல்ல உள்ள ஏதோ ஊருதுன்றாரு. சுகர் நரம்புன்னு சொல்லி எங்க ஊர் டாக்டர் ஒருத்தர் பிரீகாபலின் 75 காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு எழுதிக் குடுத்திருக்காரு, அவருக்கு டயாலிசிஸ் விஷயம் தெரியுமானு தெரியல. போடலாமா?

---

நெஃப்ரோ_நைட்_டூட்டி:

நெஃப்ரோ டாக்டர கேக்காம ஆரம்பிக்காதீங்க. பிரீகாபலின், காபாபென்டின் ரெண்டும் கிட்னி வழியா மட்டும்தான் வெளிய போகும். கிட்னி இல்லாதவங்களுக்கு அந்த டோஸ் ஒடம்புலயே தங்கி ஆள தள்ளாட வைக்கும், குழப்பமா பேசுவாங்க, கை கால் தூக்கி தூக்கி போடும், ஆப்னியாவும் இருந்தா மூச்சையும் அமுக்கும். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு நாங்களும் குடுப்போம், ஆனா ரொம்ப சின்ன டோஸ், பெரும்பாலும் டயாலிசிஸ் முடிஞ்சப்புறம்.

சுகர் நரம்புன்னா பகல்லயும் எரியும், மதமதன்னு இருக்கும். ராத்திரி மட்டும் வருது, நடந்தா அமுக்கினா நிக்குது, வலி இல்ல ஊருதுன்னா அது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், கால அசைச்சுட்டே இருக்கணும்னு தோண வைக்கற வியாதி, டயாலிசிஸ்ல நாலுல ஒருத்தருக்கு இருக்கும். அப்பாவுக்கு ரெண்டுமே சேர்ந்தும் இருக்கலாம். மாத்திரைக்கு முன்னாடி ஃபெரிட்டினும் (ஒடம்புல சேமிச்சு வச்ச இரும்ப காட்டற டெஸ்ட்) இரும்புச்சத்து சதவீதமும் பாக்க சொல்லுங்க, கொறைவா இருந்தா டயாலிசிஸ் போடும்போதே இரும்பு ஊசி ஏத்திடலாம், சில பேருக்கு அதுலயே பாதி அடங்கிடும். அப்புறம் இப்ப என்னென்ன மாத்திரை போறாருன்னு ஒரு தடவ பாருங்க. வாந்திக்கு குடுக்கற மெட்டோகுளோபிரமைடு, அரிப்புக்கும் சளிக்கும் குடுக்கற தூக்கம் வர்ற அலர்ஜி மாத்திரை, சில மனஅழுத்த மாத்திரை, இதெல்லாம் கால் குடைச்சல கிளப்பி விடும்.

---

திண்டுக்கல்_பொண்ணு:

அரிப்புக்கு ஒரு மாத்திரை தெனமும் ராத்திரி போடறாரு சார். அட்டைய தேடி எடுத்து பேர பாத்துட்டு சொல்றேன்.

---

மெஷின்_பக்கத்துல:

அட்டைய போட்டோ எடுத்து சனிக்கிழமை செஷனுக்கு கொண்டு போங்க தங்கச்சி, அங்கயே டூட்டி டாக்டர்கிட்ட காட்டிடலாம். பாஸ்பரஸ் ரிப்போர்ட்டும் கையோட எடுத்துட்டு போங்க, அரிப்புக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.